இரண்டாம் வாக்குப்பதிவு அலுவலர்

மைக்குப்பி சாயாமலிருக்க
ஒரு சிரட்டையில் மண் நிரப்பி
நட்டுவைக்க வேண்டும்.
எந்த மண் என்று யாரும் சொல்லித்தரவில்லை.
மணவாளக்குறிச்சியில் கறுத்த மண், கையில் கனக்கும்.
பேச்சிப்பாறைக்கு மேலே செம்மண், ரப்பர் சருகோடு.
தோவாளையில் தலையாரி வாரிவந்த மண்ணில்
மிதிபட்ட ஒரு பிச்சிமொட்டு.
பத்துத் தேர்தல்.
நான் பார்த்த தொகுதி இந்தச் சிரட்டை அளவு.

அப்பா முதல்முறை ஓட்டுப் போட்டபோது
ஆளுக்கொரு பெட்டி, பெட்டிமேல் சின்னம்.
எந்தப் பெட்டி கனக்கிறது என்று
தட்டிப்பார்த்துப் போட்டாராம்.
அன்று நாங்கள் வேறு ராஜ்யம்.
நாலு தாலுகாவும் இந்தப் பக்கம் வந்த பிறகும்
வீட்டில் நாங்கள் வெள்ளம்தான் குடித்தோம்,
தண்ணீர் பாடப்புத்தகத்தில் இருந்தது.

எண்பத்தொன்பதில் எனக்கு முதல் பணி.
காகிதச்சீட்டு, அம்புச்சிலுவை முத்திரை,
அரக்கு உருக்கிய வாசனையில் தலைவலி.
தொண்ணூற்றெட்டில் வைத்த மை
நகத்தோடு வளர்ந்து வெட்டுப்பட்டுப் போய்,
அடுத்த நகம் முழுதாக வெளுப்பதற்குள்
தொண்ணூற்றொன்பது வந்துவிட்டது.
"இன்னும் ஒருக்காவா டீச்சரே?" என்று
விரலைத் தந்தாள் ஒருத்தி,
கடன்காரனுக்குத் தருவதுபோல்.

ஜெயித்தவர்களைக் கேட்டால் வரிசையாகச் சொல்வேன்,
ஐந்தாம் வகுப்புக்கு அது பாடம்.
ஞாபகம் இருப்பது விரல்கள்.
புதுக்கடையில் அண்டியாபீஸ் பெண்கள்:
தோட்டெண்ணெய் தின்று கறுத்த விரல்களில்
என் மை தெரியவே இல்லை.
"வெச்சாச்சா?" என்றாள் றோஸ்லெட்.
வைத்தாயிற்று என்றேன்.
சந்தேகத்தோடு போனாள்.
அவள் வேலையிலிருந்து என் வேலையைப் பிரித்தறிய
அரசாங்கத்தாலும் முடியாது.

இரண்டாயிரத்து ஒன்பதில் தொகுதிக்குப் பெயர் மாறியது.
ஊர்கள் இருந்த இடத்தில் இருந்தன.
பெயர் மட்டும் நாகர்கோவிலில் பஸ் ஏறி
கன்னியாகுமரியில் இறங்கிவிட்டது.
பழைய ரப்பர் ஸ்டாம்பைத் தூக்கிப் போட மனமில்லாமல்
தாசில்தார் ஆபீஸ் கிளார்க்
மகனுக்கு விளையாடக் கொடுத்தார்.

பத்தொன்பதில் தூத்தூர்ப் பக்கம் ஒரு சாவடி.
ஓகி அடித்து ஒன்றரை வருடம்.
முதல் அலுவலர் உரக்க வாசித்தார்:
நானூற்றுப் பன்னிரண்டு, பிலோமின்மேரி.
மேலே நானூற்றுப் பதினொன்று, அவள் புருஷன்,
மீசையோடு, காமிராவைப் பார்க்காமல்.
இறந்தோர் பட்டியலில் அவன் இல்லை.
அவள் சேர்க்க விடவில்லையாம்.
ஏஜெண்டுகள் நாலுபேரும்
ஒரே நேரத்தில் பேனாவைத் தேடினார்கள்.

மாலை ஆறு.
வரிசையில் நிற்பவர்களுக்கு
வாலிலிருந்து தலைக்குச் சீட்டு கொடுக்க வேண்டும்,
புதிதாக யாரும் பின்னால் சேராதபடி.
வாலில் அவள் நின்றாள்.
மை காய்ந்த விரலைச் சேலையில் மறைத்து,
"ஒரு சீட்டு அவருக்கு சாரே."
கிறிஸ்துராஜ் சார் பொதுப்பணித்துறை,
ஒரு கமா பிசகினாலும் திருப்பி அனுப்புகிறவர்.
ஒன்று என்று எழுதினார்,
கையெழுத்துப் போட்டார்,
கொடுத்தார்.
அவள் ஏழேகால் வரை அதைப் பிடித்து நின்றாள்.
பிறகு கதவைச் சாத்தினோம்.

கணக்குப் படிவத்தில் ஒரு சீட்டு உதைத்தது.
அதை எழுதக் கட்டம் இல்லை.

இருபத்தொன்றில் ஒரே நாளில் இரண்டு ஓட்டு,
இரண்டு மெஷின்.
வலக்கைக்குப் பிளாஸ்டிக் உறை.
குலுக்கலில் எனக்கு மறுபடியும் அதே சாவடி.
பட்டியலைச் சீர்செய்திருந்தார்கள்.
நானூற்றுப் பதினொன்று, வாசித்தார் புதுப்பையன்.
பிலோமின்மேரி வந்தாள்.

இடக்கையை நீட்டினாள்.
நகத்திலிருந்து முதல் மூட்டுவரை கோடு இழுக்கையில்
குச்சி வழுக்கி
மை என் வலது கட்டைவிரலில் வழிந்தது.
மூன்று வாரம் போகவில்லை.
"டீச்சருக்குக் கள்ள ஓட்டு" என்று
தெருவில் பிள்ளைகள் சிரித்தார்கள்.
சிரிக்கட்டும் என்று விட்டேன்.